மெமரி மட்டும் மாற்றினோம்

இன்று கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பழைய லெப்டொப்பைக் கடைக்காரரிடம் காட்டினோம்.

"மெமரியைக் கூட்டலாம் அங்கிள். ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பிப் போச்சு. ரெண்டு நாளைக்கு விட்டிட்டுப் போங்கோ, புதுசு போட்டு எல்லாத்தையும் கொப்பி பண்ணித் தாறன்."

"டிஸ்க் வேண்டாம் தம்பி. மெமரியை மட்டும் போடுங்கோ" என்றார் அப்பா.

"அப்ப எதையாவது அழிச்சு இடம் எடுக்க வேணும்."

அந்த டிஸ்கில் வன்னியிலுள்ள சித்தி குடும்பத்தின் படங்கள் இருக்கின்றன. அவர்களிடமிருந்து மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. போர் நடக்கும் இந்த நாட்களில் அப்படங்கள் அந்நியர் கண்ணில் படுவதும் நல்லதல்ல.

வீட்டில், "எதை அழிக்கிறது?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

நான் சேர்த்துவைத்த பாட்டுகளையும் எழுதிய கதைகளையும் அழித்தேன்.

இந்த வலைப்பதிவில் என் கதைகளைப் படித்து அலுத்தவர்கள் கீழே பின்னூட்டத்தில் நன்றி சொல்லலாம்.