மூளைப் படமும் தாய்மாமன் ஊற்றிய பீரும்

வயசுப் பிள்ளைகளின் எச்சிலைக் குழாயில் பிடிப்பதுதான் என் பிழைப்பு. எங்கம்மா இன்னும் சொந்தக்காரர்களிடம் "லேப்ல வேலை" என்று சொல்லித்தான் சமாளிக்கிறார்.

கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறேன். பரிசு கிடைத்தால் ஒரு பிள்ளையின் மூளை எவ்வளவு துள்ளுகிறது, அந்தத் துள்ளலில் ஜீனுக்கு என்ன பங்கு, அது சின்ன வயசிலேயே குடிக்க இழுக்கிறதா என்று பார்க்கிறோம். ஜீன் பார்க்க எச்சில் எடுப்போம். ஸ்கேன் மெசினுக்குள் படுக்க வைத்து, ஜெயித்தால் பரிசு என்று ஒரு கேம் ஆட விடுவோம். வீடு வீடாக ஏறி இறங்கிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் என் சக பாவிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

சம்பந்தம் கெட்டுப்போகும்

கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்காரர் வீடு. பையன் பிளஸ் ஒன். கவின் என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும். அவனுடைய அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், குடித்தே செத்தவர். அப்பாவும் குடித்து, ஈரல் கெட்டு, பயந்துபோய் நிறுத்தியவர். கவின் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. "நானும் அப்படித்தான் ஆவேனுங்களா மேடம்?" என்ற பயத்தில் ஸ்கூலில் இதற்குத் தானாகவே பேர் கொடுத்தான்.

அப்பா காகிதத்தைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூத்த மகளுக்குக் கொடுமுடிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். இவர் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து கிடந்தபோது ஊரே சேர்ந்து தூக்கி வந்தது. அப்போது போகாத மானம் என் எச்சில் குழாயில் போய்விடுமா? குழாயில் நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது என்று தொண்டை வறளக் கத்தினேன். அரைமனதாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "குடிச்சது ஊருக்கே தெரியுமுங்க. அது ரத்தத்துல இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானுங்க பொண்ணு வேண்டாம்பாங்க."

வெறும் வாய்

எச்சில் எடுப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. போனில் சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் சொன்னேன். கையுறை மாட்டிக்கொண்டு திரும்புகிறேன், பையன் வாய் நிறையக் கச்சாயப் பலகாரம்! கையில் காபி. எனக்கும் ஒரு டம்ளர் ரெடி. "ஏனுங்கம்மா, எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?" என்று எரிந்து விழுந்தேன். அவனுடைய அம்மாவுக்குத் துளியும் உறைக்கவில்லை. "வந்தவங்க முன்னாடி புள்ளைய வெறும் வாயோட உக்கார வெச்சா, ஊட்டுல ஒன்னுமில்லைன்னு நெனைக்க மாட்டீங்களா கண்ணு?"

லேமினேசன்

ஸ்கேனுக்குக் கவினை அவனுடைய தாய்மாமன் கூட்டி வந்தார். முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் மூளைப் படம் ஒன்றை ஞாபகார்த்தமாகக் கொடுப்போம். இது ரிப்போர்ட் இல்லை, குடிப்பானா மாட்டானா என்று இதில் தெரியாது, தனித்தனியாக யாருக்கும் முடிவு சொல்ல மாட்டோம் என்று மாமனிடம் தமிழில்தான் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நேராகக் காந்திபுரம் போய் அதற்கு லேமினேசன் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாராம். எங்கள் இடத்தை விட்டுப் போவதற்கு முன்னால் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து ஒரே பூரிப்பு: "ஏனுங்க மேடம், ஒரு கரும்புள்ளிகூட இல்லீங்களே! பையன் எங்க பக்கத்து ரத்தமுங்க."

கெடா விருந்து

சில மாதம் கழித்து அடுத்த சுற்றுக்குக் கவின் மறுபடி வந்தான். முகமே சரியில்லை. மெல்ல விசாரித்தேன்.

குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. தோட்டத்தில் ஆம்பளைகள் பந்தி. மாமன் அந்தப் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் காட்டி, "டாக்டருங்களே நல்லா இருக்குதுன்னு படம் குடுத்துட்டாங்க" என்று பீரை ஊற்றி மருமகனிடம் நீட்டியிருக்கிறார். வேண்டாம் மாமா என்றிருக்கிறான். ஆம்பளைதானே நீ என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மச்சானைப் பகைத்துக்கொண்டால் மகள் கல்யாணத்தில் மாமன் சீர் நின்றுபோகுமே! வாயே திறக்கவில்லை. பையன் குடித்தான். அவனுக்கு அது பிடித்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் கொடுக்காமலே தேடிப்போய்க் குடிக்கிறான்.

அட பாவிகளா, ஒரு பிள்ளை பயந்துபோய் ஒதுங்கி நின்றதே, அது பொறுக்கவில்லையா உங்களுக்கு? மாமனிடம் நாலு வார்த்தை கேட்கப் போனைக்கூட எடுத்துவிட்டேன். பிள்ளைகள் சொல்வதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. போனை வைத்துவிட்டு அவனை எங்கள் டாக்டரிடம் அழைத்துப்போனேன். வராந்தாவில் நடக்கும்போது கேட்டான்: "எச்சில்ல எங்கப்பாரு ரத்தத்தப் பாத்துட்டீங்க, என்ற மூளையவும் பாத்துட்டீங்க. எங்க மாமன் கைய எந்த மெசின்ல போட்டுப் பாப்பீங்க மேடம்?"

ஆக, நான் பார்த்தவரையில் எங்கள் பக்கம் குடி பாதி அப்பாரு வழியாக வருகிறது, மீதி மாமன் வழியாக வருகிறது; இதில் குழாயில் பிடிக்க முடிந்தது அப்பாரு பங்கை மட்டும்தான்.