பெரியப்பாவின் காதும் சீமைப் பெட்டியும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும், மறந்துபோய் விட்டதும் இருக்கும். மகள் கொப்பியும் பேனையும் வாங்கி வந்து முன்னால் வைத்துவிட்டாள். அவளுக்காக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருந்தது லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. எங்கள் திருவிழாவுக்கு முந்திய மாதம் பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவில் ஒலிபெருக்கி கரகரத்து, சாமி பாட்டில் ஒரு வரிகூட விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் மாரியம்மன் திருவிழா வந்ததும் அப்பா முந்திக்கொண்டு, நல்ல ஒலிபெருக்கிச் செட்டாகப் பிடித்து வருவது என் பொறுப்பு என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

தேர் அன்று காலையில் அட்டனிலிருந்து லொறியில் செட்டு வந்தது. ஒலிபெருக்கிக் குழாயைச் சவுக்கு மரத்தில் கட்டினார்கள். செட்டுக்காரர் தலையில் எண்ணெய் வழிய நின்று பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"புதுப் பெட்டிங்க, சீமையிலருந்து வந்தது. செவிடனுக்கும் தேனாட்டம் கேக்கும்."

எல்லோரும் திரும்பி என் பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவின் அண்ணன் அவர். தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டுகிற ரோலர் மெசின் பக்கத்திலேயே வருசக்கணக்காக நின்று காது மந்தமாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிடுவதென்றால்கூடக் கத்த வேண்டும். ஆனால் ஓடுகிற மெசின் மேல் உள்ளங்கையை வைத்து, எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சிரித்தவர்களோடு அவரும் சிரித்தார்.

செட்டுக்காரர் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். நான் மெல்லப் பெட்டியிடம் போனேன். கறுப்பாக, பளபளவென்று மூன்று குமிழ்கள். நடுவில் இருந்ததைப் பிடித்துக் கடைசி வரைக்கும் திருகினேன். பாட்டு எதுவும் ஓடாத நேரம், அதனால் ஒன்றும் நடக்கவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

அவர் வந்து இசைத்தட்டை வைத்தபோதுதான் நடந்தது. கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல வந்தது பாட்டு.

"சீமைப் பெட்டிக்கு நம்மூரு குளிரு ஒத்துக்கல போல. கசாயம் வச்சுக் குடுங்கப்பா" என்றாள் சித்தி. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

செட்டுக்காரர் ஊசியை மாற்றினார். வயரை உலுக்கினார். மரத்தில் ஏறிக் குழாயைத் தட்டினார். குமிழ்களை மட்டும் தொடவில்லை. கடை முதலாளி வைத்துக் கொடுத்த இடத்தை விட்டு அசைக்கக் கூடாதாம், எது எந்த இடத்தில் இருந்தது என்றும் அவருக்குத் தெரியாது. கடைசியில் அப்பாவிடம் வந்தார்.

"யாரோ கைய வச்சிட்டாங்க. ஒங்கள நம்பித்தான எறக்குனேன்? நான் ஏத்திட்டுப் போறேன்."

 அப்பா தலை குனிந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடி விழுமே என்ற பயத்தைவிட அதுதான் என்னை என்னவோ செய்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சொல்லவும் தைரியம் இல்லை. அதனால் காது கேட்காத ஆளாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பெரியப்பா கோயிலுக்குப் பின்னால் தேங்காய் துருவுவதற்காக உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, அவர் தோளோடு ஒட்டிக்கொண்டு, "நாந்தான் பெரியப்பா நடுக் குமிழத் திருகிட்டேன்" என்று முணுமுணுத்தேன். அவர் நிமிரவே இல்லை. ஒரு தேங்காய்ச் சில்லை என் கையில் கொடுத்தார். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

பிறகு அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

"தள்ளு தம்பி, நான் பாக்குறேன்" என்றார் செட்டுக்காரரிடம்.

"அண்ணே, நீங்களா?" என்று அப்பாவே கேட்டுவிட்டார்.

பெரியப்பா உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடினார். இடப்பக்கக் குமிழைத் திருகினார், பாட்டு அலறியது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். திருப்பி வைத்தார். வலப்பக்கத்தைத் திருகினார், பாட்டே நின்றுவிட்டது. அதையும் திருப்பி வைத்தார். அப்புறம் நடுவில் கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். கம்பளியை உருவி எறிந்ததுபோலப் பாட்டு மலையில் எதிரொலித்தது.

"சீமைச் சாமான் கெடக்கட்டும், காதுய்யா காது!" என்று யாரோ கூவினார்கள். அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். தேர் நேரத்துக்குக் கிளம்பியது. நான் தேருக்கு முன்னால் குதித்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டங்களில் செட்டு கட்டினால்கூடப் பெரியப்பாவைக் கூப்பிட்டார்கள். நல்ல சாமான் இருந்தால் போதுமா, காது வேண்டுமா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் வாக்குவாதம் வரும். நான் வாய் திறப்பதில்லை.

பெரியப்பா தடவித் தடவித் தேடித்தான் கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். தோளோடு ஒட்டி நான் சொன்னது அவருக்கு எட்டியிருந்தது என்பதும், நேராக நடுக் குமிழில் கை வைத்திருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள் என்பதும், நானும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகுதான் புரிந்தது.

அந்தக் குமிழ்களுக்கு என்ன பெயர், எது எதற்கு என்றெல்லாம் எனக்குத் தெரியாது. செட்டு விசயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது.