அஞ்சே நாள்

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய். கதிர்வீச்சு டாக்டரம்மா ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். நாற்பது நாள் கொடுக்கும் சிகிச்சையை, ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டி, ஐந்தே நாளில் முடித்தால் அதே பலன் கிடைக்குமா? யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. டிரைவருக்கு ஐந்து விழுந்தது.

"நாப்பது நாள் வேக வேண்டியதை அஞ்சு நாள்ல இறக்கினா அரைவேக்காடுதான்," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் மனைவி.

கதிர்வீச்சுக்கு முன் தண்ணீரைக் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, அசையாமல் படுக்க வேண்டும். முதல் நாளே மெஷின் மக்கர் பண்ணியது. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழிப்பறைக்கு ஓடினார்கள். டிரைவர் மட்டும் முக்கால் மணி நேரம் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சார் முடியுது?" என்றாள் நர்ஸ்.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சா கடைசி ஸ்டாப்லதாம்மா இறங்குவேன். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி."

ஐந்து வருடம் இரத்தப் பரிசோதனை நடந்தது. ஒன்றில்கூட நோய் தலைகாட்டவில்லை. ஆறாம் வருடம் டாக்டரம்மா டிரைவரையும் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நாப்பது நாளுக்கும் அஞ்சு நாளுக்கும் ஒரே பலன்தான் சார். இனிமே உங்களை மாதிரி வர்றவங்களுக்கு இங்க அஞ்சு நாள்தான். நீங்கள்லாம் துணிஞ்சு வந்ததாலதான் இதைக் கண்டுபிடிக்க முடிஞ்சுது."

டிரைவர் டாக்டரம்மாவைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். வெளியே, புது நோயாளி ஒருவரின் மனைவி அழுதுகொண்டிருந்தாள். டிரைவரின் மனைவி விறுவிறுவென்று போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதம்மா, அஞ்சே நாள்தான். நானும் எங்க வீட்டுக்காரரும்தான் அதைச் சரிபார்த்துக் குடுத்தோம்."