வேணாம்னு சொல்லலாமாம்

அவ சொன்னது அம்புட்டும் பொய்யில்ல மதினி, பாதிதான் பொய். அமெரிக்கா ஏர்போர்ட்டுல மிசினுக்குள்ள போக மாட்டேன்னு நான் அடம் புடிச்சது நெசம். "எங்கம்மாவுக்குப் புத்தி பெரண்டு போச்சு, அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி மானத்தை வாங்கிருச்சு"ன்னு என் மக ஒங்ககிட்டச் சொன்னா பாருங்க, அதுதான் பொய். புத்தியெல்லாம் இருக்கிற எடத்துலதான் இருக்கு. செத்த நேரம் உக்காருங்க, சொல்றேன். தண்ணி வர இன்னும் நேரங் கெடக்கு. அந்தக் குடத்தை அங்கிட்டுத் தள்ளி வைங்க.

அமெரிக்காவுல இருக்கிற சின்னவன் வீட்டைப் பாத்துட்டுத் திரும்பி வர்றோம். நான், பெரியவன், அவன் பொண்டாட்டி, என் மக. அந்த ஏர்போர்ட்டு எப்படியிருக்கும்ங்கிறீங்க? நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரி நாலஞ்சை ஒண்ணா ஒட்டினாப்ல, ஆனா ஒரு சத்தமில்ல. எழவு வீட்டுல கூட நாலு பேரு பேசுவாங்க. இங்க கம்முன்னு வரிசை நகருது.

எனக்கு முன்னாடி ஒரு தடியன், முழங்கால் வரைக்கும் போட்டிருந்த பூட்ஸைக் கழட்டி ஒரு பிளாஸ்டிக் தட்டுல வச்சு அனுப்புறான். போன தட்டு அங்கிட்டுச் சுத்தி திரும்பவும் இங்கிட்டே வருது. அதுல என் திருநீத்துப் பையை வைக்கச் சொல்றான் அங்க நிக்கிற ஆபீசர், மதினி! பழனித் திருநீறு! ஒரு கழுவுறது இல்ல, தொடைக்கிறது இல்ல. பின்னாடி ஒருத்தி அதே மாதிரித் தட்டுல கைப்புள்ளையோட பால் பாட்டிலை வைக்கிறா. பெரிய சுத்தக்கார ஊரு, தூ!

அதைத் தாண்டினா அந்த மிசின். முந்தி டெலிபோன் கூண்டு இருக்கும்ல, அதைக் கொஞ்சம் பெருசாக்கினாப்ல கண்ணாடிக் கூண்டு. உள்ள போயி காலை அகட்டி, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி நிக்கணும். கோட்டுப் போட்டவன், கழுத்துப் பட்டை கட்டினவன், பெரிய பெரிய மனுசன் எல்லாம் கோழி திருடிப் புடிபட்டவனாட்டம் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். ஒருத்தனாவது ஏன் எதுக்குன்னு கேக்கணுமே! வெளிய ஒரு டிவி. அதுல பொம்மை மாதிரி ஒரு உருவம். மேல எதுனாச்சும் இருந்தா அந்த எடத்துல மஞ்சளா ஒரு கட்டம் விழுது. மூஞ்சி தெரியல, ஒடம்பு தெரியல, இல்லாததைச் சொல்லக் கூடாது. ஆனா வரிசையில நிக்கிறவங்க கண்ணுக்கு நேரா வச்சிருக்கான்.

என் மக அதையே கண்ணு கொட்டாமப் பாக்குறா. "ஏம்மா, அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுக்கிட்டக் கட்டம் விழுந்துச்சு பாத்தியா? எதையோ வச்சிருக்கா."

"அவ எதை வச்சிருந்தா ஒனக்கென்னடி?"

அந்நேரம் பாத்து மருமக நின்னுட்டா. ஒரு எட்டு நகர மாட்டேங்கிறா.

ஏன்னு எனக்குத் தெரியும். அவ இடுப்புல தாயத்து இருக்கு. வடமதுரைப் பக்கம் ஒரு கோயில்ல மந்திரிச்சு அவ அம்மா கட்டி விட்டது, கறுப்புக் கயித்துல, அடிவயித்துக்கு நேரா. சேலை மாத்துறப்பப் பாத்தேன். அவ சொல்லல, நானும் கேக்கல. கேட்டாத்தான் தெரியணுமா? சின்னவன் வீட்டுல ரசம் தாளிச்சா மாடிக்கு ஓடுறா. காப்பியை வாங்கி வச்சு ஆற விட்டு, நம்ம அசந்த நேரம் கொட்டிடுறா. கூண்டுக்குள்ள போனா வயித்துல கட்டம் விழும். என் மக பாத்துருவா. அவ்வளவுதான்.

போன தடவை மருமகளுக்கு நாள் தள்ளியிருக்குன்னு காதுல விழுந்த அன்னிக்கே, என் மக ஆத்தூரு, காந்திகிராமத்துச் சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டு முடிச்சிட்டா. அப்புறம் அது கலைஞ்சு போச்சா... கலைஞ்ச நோவை அந்தப் புள்ள தாங்கிக்கிட்டா. விசாரிக்க வந்தாளுக பாருங்க, அந்த நோவைத்தான் தாங்க முடியல. பிஸ்கட்டும் ஆரஞ்சுமா வர்றாளுக. பப்பாளி தின்னியா, வண்டியில போனியா, மாடி ஏறினியான்னு ஒரு கேள்வி பாக்கி இல்ல. போறப்ப "வெஞ்சனம் நல்லாருந்துச்சு"ன்னு ஏப்பம் விட்டுட்டுப் போறாளுக. நீங்களும் வந்தீங்க மதினி. ஒண்ணும் கேக்காம, கெடந்த பாத்திரத்தை வெளக்கிக் கவுத்திட்டுப் போனீங்க. அதான் ஒங்ககிட்டச் சொல்றேன்.

மருமக புருசங்கிட்ட மெல்லச் சொன்னா, "போர்டுல போட்டிருக்குங்க. மிசின் வேணாம்னா வேணாம்னு சொல்லலாமாம். லேடி ஆபீசர் கையால செக் பண்ணுவாங்களாம்."

"அதெல்லாம் சும்மா போட்டிருப்பான். நம்மாளு யாராவது சொல்லுவானா? சந்தேகப்பட்டு உக்கார வச்சிருவான். அடுத்த பிளைட்டு போயிரும். பேசாம உள்ள போ, ஒண்ணும் செய்யாது."

மிசின் புள்ளையை ஒண்ணும் செய்யாதுதான். அதுவா அவளுக்குப் பயம்? அவனுக்கு விசயம் தெரியும் மதினி. தங்கச்சி வாயும் தெரியும். எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு, பிளைட்டு போயிருமாம்! செருப்புத் தட்டைப் பாத்தப்பக் கூட எனக்கு அம்புட்டு அருவருப்பு வரல. நான் பெத்தவனைப் பாத்து வந்துச்சு.

பின்னாடியிருந்து மக எட்டிப் பாக்குறா. "என்னண்ணே, அண்ணி ஏன் நிக்கிறாங்க? காலையிலருந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டே வர்றாங்க?"

இனிமே ஆகாதுன்னு போட்டேன் ஒரு சத்தம். "எனக்கு வேணாம்லே அந்தக் கூண்டு! இந்த வயசுல எவனுக்கு நான் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கணும்? ஏத்தா மருமகளே, ரெண்டு பேருக்கும் வேணாம்னு அந்த ஆபீசர்கிட்டச் சொல்லு. பாஷை தெரியாம நான் தனியாப் போக மாட்டேன். நீயும் என் கூடத்தான் வரணும்!"

"அம்மா, கத்தாதம்மா, எல்லாரும் பாக்குறாங்க"ன்னான் பெரியவன்.

"பாக்கட்டும்லே. காசு குடுத்தா பாக்குறான்?"

"ஏம்மா இப்படி எங்க மானத்தை வாங்குற?"ன்னா மக.

"ஒன் மானம் அந்தத் தட்டுல செருப்போட போயிருச்சுடி. அந்தப் பக்கம் போயி எடுத்துக்க."

மருமக இங்கிலீசுல ரெண்டு வார்த்தை சொன்னா. ஆபீசர் என்ன சொன்னான் தெரியுமா? "ஓகே." அம்புட்டுத்தான். இதுக்குத்தான் என் மகன் வேர்த்து விறுவிறுத்துப் போனான்.

தனி ரூம் வேணுமான்னு கேட்டாங்களாம், வேணும்னோம். நீலக் கையுறை மாட்டிக்கிட்டு ஒரு பொம்பளை வந்தா. இந்த எடத்துல தொடப் போறேன், இப்ப இங்கன்னு சொல்லிச் சொல்லித் தொடுறா. நம்ம டவுன் பஸ்ல இடிக்கிறவன் என்னிக்குச் சொல்லிட்டு இடிச்சான்? இருந்தாலும் நல்லாவா இருக்கும்? ரப்பர் வாடையும் அதுவும், கம்பளிப்பூச்சி ஊறுற மாதிரி ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. மிசின் வேணாம்னா இதுதானாம். என்ன, கதவு சாத்தியிருந்துச்சு.

அடுத்து மருமக. கை தாயத்துல பட்டதும் இதென்னன்னு கேட்டா அந்தப் பொம்பளை. மருமக அதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா. நான் ரெண்டு கையையும் சேத்துத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டி, மருமக வயித்தைக் காட்டினேன். அந்தப் பொம்பளை சிரிச்சிட்டா. ஒரு துண்டுத் துணியால தாயத்தைத் தொடைச்சு, அந்தத் துணியை வேறொரு மிசின்ல விட்டுப் பாத்துட்டு, போங்கன்னுட்டா.

"அத்தை, ஒங்களுக்கு எப்படி..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. நீயா சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது."

பிளேன்ல ஏறுற வரைக்கும் என் கையை விடல அவ.

அந்த ரூமை விட்டு வெளிய வந்ததுமே மக ஓடி வந்து, "எதைம்மா கண்டு புடிச்சாங்க?"ங்கிறா. "என் சுருக்குப் பையில பொகையிலை"ன்னேன். அதைத்தான் ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறா. சொல்லட்டும். மகன் என்னடான்னா இப்ப ஆபீசுல, "எங்கம்மா ரைட்ஸ் பேசுச்சு"ன்னு பெருமை பேசுறானாம். தூ! அவனுக்குச் சோறு போட்டா நான் இன்னும் மூஞ்சியைப் பாத்துப் போடுறதில்ல.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு, நீங்க முன்னாடியே வந்துரணும். நேத்து மக வந்து மாசத்தை விரல் விட்டு எண்ணுறா. எண்ணிக்கிட்டே வந்தவ கை அப்படியே நின்னு போச்சு. "ஏம்மா, அப்ப அமெரிக்காவுல... அந்த மிசின்..."னு என் மூஞ்சியைப் பாக்குறா. "என்கிட்டக் கூடவா சொல்லக் கூடாது?"ன்னு அழுக வேற.

"வேணாம்னா வேணாம்னு சொல்லலாமாம்டி. அங்க போர்டே வச்சிருக்கான்"னேன்.

அதுக்கு அவ... அய்யய்யோ, கொழாயில காத்து வருது பாருங்க, தண்ணி வந்துருச்சு! எந்திரிங்க மதினி, அந்தக் குடத்தை இங்கிட்டுத் தள்ளுங்க. ஏத்தா மருமகளே, நீ குனியாத, நான் புடிக்கிறேன்!