மாவு பதமாக வரும்வரை

கோமளா மாமியின் அண்ணன் மகன் என் இஸ்திரி வண்டிக்கு வந்து, "மருதமுத்து, மாமி ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா" என்றார். குருவைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். "எப்பங்க திரும்பி வருவாங்க?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். "வர மாட்டா. காத்தால மூச்சு நின்னுடுத்து" என்றார். முப்பது வருஷம் அடையவளஞ்சான் வீதியில் துணி தேய்த்தும் அந்தப் பேச்சு எனக்கு விளங்காமல் போயிற்று. இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்று யாரோ ஒருவருடைய வேட்டி கருகியது.

எனக்கு அழுகை வரவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், முதலில் வந்த நினைப்பு, இனி செல்லம்மா என்ன சாப்பிடுவாள் என்பதுதான்.

மாமிக்காக வீதிக்காரர்கள் போடும் நினைவு மலரில் என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

செல்லம்மா என் மனைவி. பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து சோறு புரையேறும். கஞ்சியைத் துப்புவாள். கடை பன்னை வாயருகே கொண்டு போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த நாளில் ஒரு காலை மாமி புடவையைப் பிரித்துப் பார்த்து, "ஏம்ப்பா, மடிப்பெல்லாம் கோணலா இருக்கு. மனசை எங்கே வெச்சிருக்கே?" என்றார். சொன்னேன். "நான் என்ன டாக்டரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் டப்பாவில் நாலு பன் வந்தது. "பால்ல ஊறப் போட்டுக் குடு. தொண்டையில நழுவிண்டு போகும்." செல்லம்மா இரண்டு தின்றாள். அன்றிலிருந்து இரண்டு வருஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அந்த டப்பாவோடுதான் நான் உறையூர் பஸ் ஏறுவேன்.

மாமி பன் சுடும் ஓவனைத் தளிகை உள்ளில், அதாவது சமையலறையில், வைக்கவில்லை; வீட்டின் பக்கவாட்டு அறையில் வைத்திருந்தார். எதிர்வீட்டு மாமி ஒருநாள் வாசலில் நின்று, "ஸ்ரீரங்கத்துல ரொட்டிக்கடை போட்டுட்டேளா? போர்டு எப்போ மாட்டப் போறேள்?" என்று சீண்டினார். நம் மாமி, "பெருமாளுக்கு ஆகாதுன்னு தெரியும். பசிச்சவாளுக்கு ஆகும். உமக்குப் பசிச்சா நீரும் வாரும்" என்றார். எதிர்வீட்டு மாமி மறுவாரமே ஒரு பன் வாங்கிப் போனதை நான் பார்த்தேன்.

அந்த அறை ஜன்னலுக்கு அடியில்தான் என் வண்டி. மாவைப் பலகையில் அடிக்கும் சத்தம் கேட்கும். ஆனால் ஜன்னல் எனக்கு எட்டாது. அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை. அவர் வா என்றதில்லை, நானும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை அந்த மாவைப் பார்த்திருந்தால் இன்று இப்படித் தவிக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு தாளை நீட்டினார். "எனக்கும் முடியலைப்பா. அளவெல்லாம் எழுதியிருக்கேன், வெச்சுக்கோ." படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, சரிங்க மாமி என்று மடியில் செருகிக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நின்று விளக்கியிருப்பார். அவர் போன பிறகு மகள் படித்தாள். மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, வெண்ணெய், எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. கடைசியில், "மாவு பதமாக வரும்வரை பிசையவும்." சோற்றுப் பதம் எனக்குத் தெரியும். தேய்க்கும் வேட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் பதம் என்னைவிட யாருக்குத் தெரியும்? இந்தப் பதம் எது?

ஜன்னல் வழியாக அவர் சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. "ஈஸ்ட்டும் ஜீவன்தான். தண்ணியில விரலை வை. உன் விரல் சுட்டா அதுக்கும் சுடும்." அப்படியே விரலை வைத்தேன், சுடவில்லை. மாவு பொங்கவே இல்லை. அடுத்த தடவை மகள் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ அப்பா, கொதிக்குது! பெட்டி புடிச்ச கைக்கு எது சுடும்?" என்றாள்.

ஓவன் இல்லாததால் இதுவரை ஏழு தடவை குக்கரில் உப்பைக் கொட்டி அதன் சூட்டில் சுட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்று கல், ஒன்று களி. செல்லம்மா இப்படியே சாப்பிடாமல் போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாமி போனதைச் செல்லம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வாயையே மூடிவிடுவாள்.

"ஏங்க, யாரு சுட்டது இது?"

"மாமிதான் குடுத்தனுப்பினாங்க."

"மாமியா? பன்னு சுடுறாங்களா, செங்கல் சூளை போட்டிருக்காங்களா?"

மாமியை அறிந்தவர்களே, அந்த அறைக்குள் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த மாவு கையில் ஒட்டுமா, ஒட்டாதா? இழுத்தால் அறுமா, நீளுமா? யாராவது வண்டிக்கு வந்து சொல்லுங்கள்.

அந்தத் தாள் போக, மாமியிடமிருந்து நான் வைத்திருப்பது அவர் பெயர் ஒன்றுதான். அதைச் சொல்லித்தான் ஊட்டுகிறேன். நல்ல பெயர், என் பன்னால் தினமும் கெடுகிறது. நேற்று அரை பன் உள்ளே போயிற்று. "மாமிக்குக் கை விட்டுப்போச்சு, வரவர ஏனோதானோன்னு பண்றாங்க" என்று திட்டிக்கொண்டேதான் தின்றாள். ஆமாம் என்று சொல்லி, அடுத்த வாய் ஊட்டினேன்.