குடையில் தொங்கிய நீலச் சொட்டு

மகள் ஈரத் தாளில் தாம்பரம் ஸ்டேஷனை வரைந்துகொண்டிருக்கிறாள். அந்த வாட்டர் கலர் வாசனை வந்ததுமே நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

எண்பதுகளில் என் அக்காவும் இப்படித்தான் வரைவாள். மேம்பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, வண்ணத்தை அதன் போக்கில் ஓடவிட்டே ரயிலையும் கூட்டத்தையும் கொண்டுவந்துவிடுவாள். ஒருவருக்கும் முகம் இருக்காது.

"இன்னாடி, சாயம் போன துணி மாதிரி கீது," என்று சிரித்தபடி படத்தை வாங்கிய அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "பெஞ்சுல குந்திகினு கீறது யாரு?"

"யாரோ ஒரு ஆளும்மா. ஒரு வாரமா மத்தியானத்துல அங்கதான் கீறாரு. தூரத்துல முகம் தெரில."

அந்த ஆள் வெறும் சாம்பல் நிறக் கறை. தோளில் சாய்த்த குடை, அதன் நுனியில் ஒரு நீலச் சொட்டு. நீலச் சோற்றுப் பையைக் குடை நுனியில் மாட்டித் தோளில் சாய்த்துக்கொள்கிறவர் எங்கள் தெருவிலேயே ஒருவர்தான். பல்லாவரம் தோல் கம்பெனிக்கென்று தினமும் காலையில் கிளம்பும் எங்கள் அப்பா.

சாயங்காலம் வழக்கம்போல வந்தார். அம்மா படத்தை நீட்டினாள்.

"கம்பெனிய மூடிட்டாங்க," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நான் அவ்ளோ கூனிகினா குந்தியிருந்தேன்?"

அந்த வருடமே நான் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனேன்.

"பெஞ்சுல யாரு பாப்பா?" என்று மகளின் படத்தில் இருந்த சாம்பல் கறையைக் காட்டிக் கேட்டேன்.

"யாருமில்லப்பா, தண்ணி தானா ஓடிச்சு."

ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் தோளருகே பை தொங்குகிறதா என்று பார்த்தேன்.