தூக்கம் பார்த்து ஏற்றிய விமானம்

போன வாரம் கிருஷ்ணகிரி பைபாஸில் மாம்பழம் வாங்க வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாலையோரம் கடை போட்டிருந்த பெண், தராசின் சிவப்பு எண்களை என் பக்கம் திருப்பி, "தூக்கம் பாத்துக்கோங்கக்கா, ஊட்டுக்குப் போயி கொறையுதுன்னு சொல்லாதீங்க" என்றாள். பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகும் அந்தச் சொல் காதிலேயே நின்றது. எடைக்குத் தெலுங்கும் கன்னடமும் வைத்திருக்கும் சொல் எங்கள் பக்கத்துத் தமிழில் கலந்து தூக்கம் ஆகியிருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது கண்ணை மூடிப் படுப்பது. எங்களுக்கு அது தராசில் ஏறுவதும்தான்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது. ஒரு காலத்தில் விமானத்தில் ஏற வந்தவர்களையும் நாங்கள் தராசில் ஏற்றினோம்.

அறுபதுகளின் கடைசி. பட்டம் வாங்கிய சூடு ஆறாத வயது எனக்கு. அரசாங்க விமானக் கம்பெனியின் பெங்களூர் கவுண்டரில் வேலை கிடைத்திருந்தது. விடிவதற்குள் ஓசூரில் பஸ் பிடித்தால், அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் மெட்ராஸ் ராஜ்ஜியம் முடிந்து மைசூர் ராஜ்ஜியம் தொடங்கும். அந்த ஓட்டை பஸ்ஸில் நீலச் சேலை கசங்காமல் இருக்க நான் நின்றுகொண்டேதான் போவேன். கண்டக்டர் தெலுங்கில், "ஏரோபிளேன் அம்மாவுக்கு சீட்டுல உக்காந்தா தோஷமோ?" என்று கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும். உலகத்தின் பாதி என் கவுண்டர் வழியாகத்தான் போய் வருகிறது என்று உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து போனதெல்லாம் பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் ஐதராபாத்துக்கும்தான்.

அரசாங்கத்துக்கு அப்போது இரண்டு விமானக் கம்பெனிகள். ஒன்று உள்நாட்டுக்கு, மற்றது கடல் தாண்ட. அண்ணன் தம்பி மாதிரி. வெளிநாட்டுக்குப் பறந்த அண்ணனுக்குத்தான் நல்ல சட்டை. எங்களுடையது பல தனியார் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. சேர்த்துப் பல வருஷம் ஆகியிருந்தாலும், பழைய ஆட்கள் கேன்டீனில் பழைய கம்பெனி பிரித்துத்தான் உட்காருவார்கள். புதிதாக ஒருவர் மாற்றலாகி வந்தால் என்ன ஊர் என்று கேட்க மாட்டார்கள், எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். நான் எந்தக் கம்பெனியும் இல்லை. அதனால் எல்லா மேசையிலும் எனக்கு டீ கிடைத்தது.

டகோட்டா என்ற பழைய விமானங்கள் சில தடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வால் தரையில் பட, மூக்கு மேலே பார்க்க நிற்கும். பயணிகள் உள்ளே மேடு ஏறுவதுபோல ஏற வேண்டும். அதில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது அன்றன்றைய வெயிலைப் பொறுத்தது. பெங்களூர் மேட்டில் இருக்கும் ஊர். சித்திரை வைகாசியில் காற்று சூடாகி லேசாகிவிட்டால் விமானம் எழும்பத் திணறும். அதனால்தான் பெட்டியோடு ஆளையும் நிறுத்தோம். பெரிய வியாபாரிகள் தராசில் ஏறும் முன் செருப்பைக் கழற்றுவார்கள். பெண்கள் வெட்கப்படுவார்கள். பாரக் கணக்குப் போடும் அதிகாரி சேஷாத்ரி சார் மெட்ராஸ்காரர், நல்ல மனிதர். ஆனால் எடையை ஏலம் விடுவதுபோல உரக்கச் சொல்வார். நான்தான் இடையில் புகுந்து, எண்ணைப் பார்த்து அவர் காதில் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன்.

அப்படி ஒரு வைகாசிக் காலையில்தான் லூர்து மேரி வந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்கப் போகிறாள். அவளைப்போலப் பல பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பாதர் பம்பாயில் காத்திருந்தார். அன்று இரவே அண்ணன் கம்பெனி விமானத்தில் எல்லோரும் புறப்படுகிறார்கள். இவளுக்கு மட்டும் பாஸ்போர்ட் பிந்தி வந்ததால் டிக்கெட்டும் பிந்தியது. பயணிகள் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

தராசில் ஏறச் சொன்னேன். முள் எங்கேயோ போய் நின்றது. ஒல்லிப் பெண், ஆனால் நடக்கும்போது மூட்டை மாதிரி நடந்தாள். பெட்டிக்குத்தான் எடைக் கட்டுப்பாடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சேலை கட்டிக்கொண்டு, உள்பாவாடையில் பை தைத்துக் கேழ்வரகு மாவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஆளையும் நிறுப்பார்கள் என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. பயந்துபோய் சேஷாத்ரி சாரைப் பார்த்து, "எனக்குத் தூக்கம் கம்மிதாங்க சார். பொடவதான் தூக்கம்" என்றாள்.

சார் பேனாவை வைத்துவிட்டார். "ஏம்மா, இந்தப் பொண்ணுக்குத் தூக்கம் வராதாமே. டாக்டர் சர்டிபிகேட் ஏதாவது கொண்டுவந்திருக்காளா கேளு" என்றார் என்னிடம். கவுண்டரில் நின்ற லோடர்கள் கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அவளைப் பெண்கள் அறைக்குக் கூட்டிப்போய் இரண்டு சேலையை அவிழ்க்கச் செய்தேன். மாவை மட்டும் எடுக்கமாட்டேன் என்றாள். அம்மா திரித்துக் கொடுத்ததாம். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு அடங்கியது. அன்று வெயில் முன்னாலேயே ஏறிவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த கணக்கின்படி விமானத்தில் பாரம் கூடுதல். ஒரு ஆள் பாரத்தைக் குறைக்க வேண்டும். வழக்கமாகச் சரக்கைத்தான் இறக்குவோம். அன்று இருந்த சரக்கு இரண்டு பெரிய மாம்பழக் கூடைகள். கிருஷ்ணகிரியில் பெரிய தோப்பு வைத்திருந்த ஒருவர் பம்பாயில் இருக்கும் ஒரு பெரிய மனிதருக்கு அனுப்பும் காணிக்கை. கூடை போய்ச் சேர வேண்டும் என்று எங்கள் மேனேஜருக்குப் போன் வந்திருந்தது. மேனேஜர் சொன்னதை மீற சேஷாத்ரி சாருக்குத் துணிவில்லை. அவர் லூர்து மேரியின் பெயர்மேல் பென்சிலை வைத்தார்.

நாளை அவள் பம்பாய் போனால் பாதரும் மற்ற பெண்களும் பறந்திருப்பார்கள். அதோடு முடிந்தது. இதை நான் ஒரே மூச்சில் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூடைக்காரங்களே வேண்டாம்னு சொன்னா நான் எறக்கலாம்மா. நானா எறக்க முடியாது" என்றார்.

நான் சரக்குக் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே கொட்டிக்கிடக்கும் பெட்ரோல் வாசனையை மீறிக்கொண்டு, விமானத்துக்குப் போய்விட்ட கூடைகளின் மாம்பழ வாசனை. மாங்கூடை யாருடையது என்று உரக்கக் கேட்டேன். லாரி நிழலில் குந்தியிருந்த ஒருவர் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கூடை முதலாளியுடையது, தோப்புக் காவலும் கூடை சேர்ப்பதும் தன் வேலை என்றார். பெயர் சவரிமுத்து. விஷயத்தைச் சொல்லி, ஒரு பெண் இறங்க வேண்டியிருக்கிறது, ஜெர்மனி போகிற பெண் என்றேன்.

"மேரியா?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமல் மகளையும் அதே லாரியில், அந்தக் கூடைகளுக்கு நடுவில் உட்கார வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார். ஒரே லாரியில் வந்தவற்றில் எது போக வேண்டும் என்று இப்போது அவர் சொல்ல வேண்டும்.

எனக்கிருந்த வேகமெல்லாம் போய்விட்டது. கூடையை இறக்கினால் முதலாளி என்ன செய்வார் என்று கேட்டேன். காவலுக்கு வேறு ஆள் வைப்பார், வீடும் தோப்புக்குள்தான் இருக்கிறது என்றார். யாரையும் குறை சொல்கிற குரலில் அல்ல. துண்டில் ஒட்டியிருந்த கூடை வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"இந்தப் பிளேனு நாளிக்கும் வருங்களா, அம்மா?"

வரும் என்றேன்.

"அப்ப எறக்கிடச் சொல்லுங்க. மாங்கா நாளிக்குப் போனாலும் மாங்காதான். இவ இன்னிக்குப் போனாத்தான்."

சேஷாத்ரி சாரிடம் வந்து அதையே சொன்னார். மேரியின் முகத்தைப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அவள், "வேணாம்பா, நான் அடுத்த வருசம் போறன்" என்றாள். "அடுத்த வருசம் யாரு கூப்புடறாங்களாம் ஒன்ன? போ, போயி ஏறு" என்றார். போயிட்டு வா என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். பாதியை விழுங்கிவிட்டார் என்பது அந்த இடத்தில் நின்ற எனக்குக்கூடக் கேட்டது. மேரி தராசின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சற்று நின்றாள். பிறகு வரிசைக்குப் போனாள்.

கூடைகளை ஏற்கெனவே விமானத்தில் வைத்தாகிவிட்டது. வழியனுப்ப வந்தவர்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். ஆனால் ஒரு கூடையை லோடர் எடுத்துக்கொண்டு, இன்னொன்றுக்கு, "நீயே வந்து தூக்கிக்கப்பா" என்று சவரிமுத்துவைக் கூப்பிட்டார். அப்படித்தான் அவர் வேலிக்குள் வந்தார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டதும் நகரச் சொன்னார்கள். அவர் நகராமல் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேரி அந்தப் பக்கத்தில் இல்லை. பாரம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமென்று சார் அவளை அடுத்த பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். அதைச் சொல்ல நான் வாயெடுத்தபோது இன்ஜின் கிளம்பிவிட்டது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. இந்தப் பக்க ஜன்னலில் ஒரு வியாபாரி, தனக்காகத்தான் யாரோ நிற்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, கையை ஆட்டினார். சவரிமுத்துவுக்கு இரண்டு கையும் கூடையில். தலையில் பாரம் இருந்ததால் அசைக்கவும் முடியவில்லை. விமானம் திரும்பியது. மேரியின் பக்கம் இப்போது எங்களைப் பார்த்தது. ஒரு ஜன்னலில் கை ஒன்று தெரிந்தது. அதற்குள் விசிறிக் காற்றில் செம்மண் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அவருக்குக் கை இல்லை.

இரைச்சல் ஓய்ந்த பிறகு என்னிடம் கேட்டார்: "எங்கொழந்த பாத்துச்சுங்களா, அம்மா?"

பார்த்தது என்றேன். எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

கூடைகள் மறுநாள் போயின. அடுத்த பருவத்தில் மாங்கூடையோடு வேறு ஒருவர் வந்தார். லாரிக்காரரிடம் விசாரித்தேன். சவரிமுத்துவைத் தோப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள், சூளகிரிப் பக்கம் கல் உடைக்கப் போகிறார், மகள் நன்றாக இருக்கிறாளாம் என்றார். அதற்கு மேல் எனக்குச் செய்தி இல்லை. அந்த வருஷமே என்னை மெட்ராஸுக்கு மாற்றினார்கள்.

டகோட்டாக்கள் பழைய இரும்பாகப் போயின. ஆளை நிறுப்பதும் நின்றது. இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகி, அதுவும் இப்போது அரசாங்கத்துடையது இல்லை. சேஷாத்ரி சார் இல்லை. கிருஷ்ணகிரிச் சாலையில் நான் பார்த்த தோப்புகள் பலவற்றில் இன்று கார் பாகங்கள் செய்கிறார்கள். விமானம் ஏறுகிறவர்களை ஊர் தாண்டி எங்கேயோ கட்டிய நிலையத்தின் கண்ணாடிக் கதவிலேயே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். உள்ளே போனவர் எந்த விமானத்தில், எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்று நமக்குத் தெரிவதில்லை. ஒரு தகப்பன் நின்று ஜன்னல் ஜன்னலாகத் தேடுவதற்கு, தவறான பக்கத்தில் நின்றாவது தேடுவதற்கு, ஒரு பிடி தரை அங்கே இல்லை.